அம்புப் படுக்கையில் எட்டு மணி நேரம்

நெடுந்தட்டுவிளையில் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. வருஷத்தில் முந்நூற்று அறுபத்துநாலு நாள் அங்கே யாரும் யார்மேலும் கை வைப்பதில்லை. பகையை உப்புப் போட்டு எடுத்து வைத்துக்கொள்வார்கள். கும்பப்பூ அறுவடை முடிந்து, வயல் காய்ந்து, தாள் மட்டும் குத்திட்டு நிற்கிற பங்குனிக் கடைசிச் சனிக்கிழமையில் மொத்தமாக அடித்துத் தீர்ப்பார்கள்.

அதற்கு முந்திய பதினேழு நாளும் வாசிப்பு. பெரியப்பன் மக்கள் நூறு பேர் ஒரு பக்கமும் சித்தப்பன் மக்கள் ஐந்து பேர் ஒரு பக்கமுமாக நின்று ஒரு வம்சத்தையே கரைத்த அந்தப் பெரிய கதையை மைக் கட்டி வாசிப்பார்கள். பதினெட்டாம் நாள், பகையுள்ளவர்கள் கதையில் வருகிற ஆட்களாக வேஷம் கட்டி வயலில் இறங்க வேண்டும். ஒரே சட்டம், செய்யுளில் இல்லாத அடியை அடிக்கக் கூடாது. அதனால் ஊரில் ரேஷன் கடைக்காரர் முதல் பேராசிரியர் வரை எல்லோருக்கும் போர்ப் பகுதி தலைகீழ்ப் பாடம். எந்த அடி எந்தச் செய்யுளில் இருக்கிறது என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். சமாதானம் பேசுகிற பகுதி யாருக்கும் தெரியாது.

கதையில் வருகிறவர்களின் பெயரை மட்டும் யாரும் வாயால் சொல்வதில்லை. ஒரு வருஷம் மைக்கில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டார்கள். பெயருக்குரியவரே கதாயுதத்தோடு வந்து, அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து மூன்று அண்டாச் சோற்றைத் தின்றுவிட்டு, மோர் புளிக்கிறது என்று குறை சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து 'நெஞ்சு கிழிகிறவன்', 'தொடை முறிகிறவன்', 'அம்பில் படுக்கிற கிழவர்' என்று அடையாளம் சொல்லியே காலம் ஓடுகிறது.

அந்தக் கிழவர் வேஷத்துக்கு ஒருநாளும் லேசில் ஆள் கிடைத்ததில்லை. வாழைத்தடிகளைச் சேர்த்துத் தெப்பம் மாதிரிக் கட்டி, அதில் நூற்றெட்டுக் கமுகுச் சிராய்களைக் கூர் மேலே பார்க்கக் குத்தி வைப்பார்கள். அதன்மேல் மல்லாந்து படுத்து, ஊருக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். புத்தகத்தில் போர் முடிந்த பிறகுதான் கிழவர் பேசுகிறார். நெடுந்தட்டுவிளையில் விழுந்த உடனே பேசிவிட வேண்டும். ஏனென்றால் ஒரு வருஷம் போர் முடிந்த சந்தோஷத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், மறுநாள் பால்காரர்தான் அவரை எடுத்தார். கிழவர் பேசும்போது யாரும் உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, இடத்தை விட்டு நகரக் கூடாது, அடிக்கவும் கூடாது. பத்து எண்ணும்வரை அவர் மௌனமாக இருந்தால் பேச்சு முடிந்தது என்று பொருள். மேற்கே பனைகளுக்குப் பின்னால் சூரியன் விழுந்தால் அந்த வருஷத்துப் போரே முடிந்தது. மிச்சமிருக்கிற பகை மட்கிப் போகும். அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக வழியில்லை.

இந்த வருஷம் கிழவர் வேஷத்துக்குப் பொன்னுலிங்கம் தானாகவே பெயர் கொடுத்தார். ஊரே ஆச்சரியப்பட்டது.

பொன்னுலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. நேந்திரன் வாழை விவசாயம். அவர் பேச ஆரம்பித்தால் வாழையே தலையைச் சாய்த்துக் கேட்கும் என்பார்கள். பேச வேண்டிய இடத்தில் மட்டும் பேச மாட்டார். அதுதான் இந்தக் கதைக்கே காரணம்.

போன கார்த்திகையில் அவர் மகள் சபிதாவுக்கும், நாகேந்திரன் மகன் அனில்குமாருக்கும் மார்த்தாண்டம் போகிற வழியில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். அனில்குமார் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறவன். கையும் கிரேன் மாதிரிதான் இருக்கும். மேடையில் நிற்கும்போது சபிதாவின் போனைக் கேட்டான். கொடுத்தாள். லாக்கைத் திறந்து தா என்றான். "அது எதுக்கு உங்களுக்கு?" என்றாள். அவன் அவள் சடையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேடையிலிருந்து பந்தி வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தான். நானூறு பேர் இருந்தார்கள். பந்தியில் பெரியவர்கள் உட்கார்ந்து பாயசத்தில் போளியைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு பேரும் குனிந்து இலையைப் பார்த்தார்கள். அத்தனை உன்னிப்பாகப் பார்க்கப்பட்ட பாயசம் மாவட்டத்திலேயே கிடையாது. முதல் வரிசையில் மூன்றாவது இலை பொன்னுலிங்கத்தினுடையது.

சபிதா அவன் மணிக்கட்டைக் கடித்து விடுபட்டாள். நிச்சயம் நின்றது. அன்றிலிருந்து அவள் தலைமுடியைக் கட்டவில்லை. விரித்த கூந்தலோடுதான் நாலரை மாதமாக மார்த்தாண்டத்தில் எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தால் பின்னால் மூன்று சீட்டுக்கு யாரும் வாய் திறக்க முடியாது. கண்டக்டர் ஒருவர் கேள்வி கேட்டதாகவும், அவள் திரும்பிப் பார்த்ததும் அவர் அவளுக்கு டிக்கெட் கொடுக்காமலே நாகர்கோவில் வரை வாயைப் பொத்திக்கொண்டு போனதாகவும் சொல்வார்கள்.

வாசிப்பு தொடங்கிய அன்றே அவள் அனில்குமார் மேல் பெயர் கொடுத்தாள். கேட்டு வாங்கிய வேஷம், நெஞ்சைக் கிழித்து ரத்தம் குடிக்கிறவன். சடையைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வந்தவனை அப்படித்தான் கொல்கிறார்கள் கதையில். வழக்கமாக நெஞ்சு கிழிகிறவனின் சட்டைக்குள் செம்பருத்திச் சாறு பிளாஸ்டிக் பையில் இருக்கும். குத்தி உடைத்துக் குடித்தால் போதும்.

"சாறு வேண்டாம்னு கதை வாசிக்கிற டீச்சர்ட்ட சொல்லிட்டேன்" என்றாள் சபிதா, கஞ்சி குடித்துக்கொண்டே. "மூணாவது விலாவுக்கும் நாலாவது விலாவுக்கும் எடையில கம்பு எறங்குனா நேரே போயிரும். பத்து செக்கண்டு."

எந்த எலும்பு எப்படி முறியும் என்பது அவளுக்குத் தொழில் ரீதியாகவே தெரியும். சின்ன வயதிலிருந்து அடிமுறைச் சண்டை வேறு பழகியிருந்தாள்.

அன்று சபிதாவின் அம்மா பகவதியம்மாள் புருஷனைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள்.

"இஞ்ச பாருங்க. அவ சாதிச்சிருவா. அந்தச் சவம் சாவான், நம்ம பிள்ள ஜெயிலுக்குப் போவா. அன்னைக்கு பாயசம் குடிச்சிட்டு இருந்தீங்க. இன்னைக்காவது எதையாவது செய்யுங்க."

"நான் சொன்னா அவ கேப்பாளாட்டி?"

"கேக்க மாட்டா. கேக்க வச்சுத்தான் ஆகணும்."

அப்போதுதான் பொன்னுலிங்கத்துக்கு அந்த எண்ணம் வந்தது. கதையின் வரிசைப்படி கிழவர் விழுவது முதலில், நெஞ்சு கிழிவது பின்னால். காலை ஒன்பதரைக்கு விழுந்து ஐந்தரைக்கு மேல் சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கும்வரை பேசினால் போதும். பேச்சுதானே அவருக்குத் தொழில்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வயலில் ரத்தம் பார்த்தாயிற்று. பலா மரத்துக்காகச் சண்டை போட்ட அண்ணன் தம்பியில் தம்பிக்கு இரண்டு பல் போய், அது தாள்களுக்குள் விழுந்து, இரண்டு பேரும் சேர்ந்தே குனிந்து தேடினார்கள். வேலி தள்ளிப் போட்டவனின் காது பாதி தொங்கியது. ஒரு கோழிக் கள்ளனைத் தேர்ச்சக்கரம் ஏந்தியவனாக வந்த கோழிக்காரி சைக்கிள் சக்கரத்தாலேயே அடித்துச் சாய்த்தாள். வரப்பில் ஆம்புலன்ஸ் ஓட்டி வந்திருந்த இனயத்துக் கிளீட்டஸ் சலித்துக்கொண்டார்.

"மூணு டிரிப் ஆச்சு. கடல்ல சுறா கடிச்சாகூட இவ்வளவு வராது வோய்."

நடுவில் மேசை போட்டு, மைக்குக்கு முன்னால் மீனாட்சியம்மாள் டீச்சர் உட்கார்ந்திருந்தாள். எழுபத்தொரு வயது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். செய்யுளை வாசிப்பதும் தீர்ப்புச் சொல்வதும் அவள்தான். எதிரே நின்று கழுத்தை வெட்டினாலும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வரிக்குப் போகிறவள்.

"அடுத்து, கிழவர் வீழ்ச்சி. கிழவர் வரலாம்."

பொன்னுலிங்கம் வெள்ளைத் தாடி ஒட்டிக்கொண்டு இறங்கினார். அனில்குமார் நின்ற பக்கத்தில் போய் நின்றார்.

எதிர்ப்பக்கத்தில் சபிதா விரித்த கூந்தலும் புளியங்கட்டைக் கதாயுதமுமாக நின்றிருந்தாள். அவள் முகம் மாறியது.

"அப்பா. நீங்க அந்தப் பக்கமா?"

"கிழவர் அந்தப் பக்கம்தானே மக்கா. கதையில அப்படித்தான இருக்கு."

"கொள்ளாம்" என்றாள் சபிதா. "நல்ல பொருத்தம்."

"கிழவரை வீழ்த்துவது யார்?" என்று மைக்கில் கேட்டாள் டீச்சர். பொன்னுலிங்கத்தின் மேல் ஊரில் யாருக்கும் பகை கிடையாது. ஒருவரும் இறங்கவில்லை. சபிதா கதாயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

டீச்சர் வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் கம்பு காற்றைக் கிழித்தது. பொன்னுலிங்கத்தின் இடது கால் முட்டில் பச்சைத் தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அவர் நடிப்பாக விழலாம் என்று யோசித்து வைத்திருந்தார். அதற்கு அவசியமே வரவில்லை. அவர் பின்னால் சாய்ந்தபோது தெப்பம் தயாராக இருந்தது. வழக்கமாகக் கூர் மழுங்கியிருக்கிற சிராய்களை இந்த வருஷம் வீடியோ எடுக்க நன்றாக இருக்கும் என்று யாரோ கூராகச் சீவி வைத்திருந்தார்கள். நூற்றெட்டும் ஒரே நேரத்தில் முதுகில் ஏறின. வாழைத்தடியில் சாறும் ரத்தமும் கலந்து ஒழுகியது.

"கிழவர் பேசலாம்" என்றாள் டீச்சர்.

பொன்னுலிங்கம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

முதலில் நேந்திரனுக்கு உரம் வைப்பது எப்படி என்று சொன்னார். ஒன்றரை மணி நேரம். பிறகு பத்மநாபபுரம் அரண்மனையின் மரத்தூண் ஒன்று மழைக்காலத்தில் இன்னும் தளிர் விடுகிறது என்றும், அதை அதிகாரிகள் பறித்துத் துவரன் வைத்துத் தின்கிறார்கள் என்றும் சொன்னார். அவருடைய பெரியப்பா இனயத்தில் ஆமை மேல் உட்கார்ந்து இலங்கைக்குப் போய், அங்கே தலை அதிகமுள்ள அரசனின் வீட்டில் பல் துலக்கப் பத்து வேப்பங்குச்சி வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்துத் திரும்பியதையும் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிழவர் வேஷத்தில் இருக்கிறவன் பொய் சொன்னால் சிராய் ஒரு நூல் அளவு கூடுதலாக உள்ளே இறங்கும் என்பது நெடுந்தட்டுவிளையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பதினொரு மணிக்குப் பார்த்ததைவிட ஒரு மணிக்குப் பொன்னுலிங்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தார். ஆமை விஷயத்தில் மட்டும் அரை அங்குலம்.

வெயில் உச்சிக்கு வந்தது. நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தாள்மேல் சரிந்தார்கள். விழுந்தவர்களைக் கிளீட்டஸ் காலைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோனார். ஒருவர் நின்றபடியே மயங்கி, விழாமல், மாலைவரை மயக்கத்திலேயே நின்றார்.

"ஓய் பொன்னுலிங்கம், போதும்வே!" என்று நாகேந்திரன் கத்தினார். அனில்குமாரின் அப்பா. வேர்வையில் மீசை கரைந்துகொண்டிருந்தது. "எம்பிள்ள நிக்க மாட்டாம நிக்கான்."

"உம்ம பிள்ள நிக்கணும்னுதான் பேசுகேன்" என்றார் பொன்னுலிங்கம். அது உண்மை என்பதால் அந்த ஒரு வாக்கியத்துக்கு முதுகு வலிக்கவில்லை. "வெத்தலைக்கொடியைப் பத்தி இன்னும் சொல்லலே. கேட்டுக்கிடும்."

ஒரே ஒரு ஆள் மட்டும் அசையாமல் நின்றாள். கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கூந்தல் முகத்தில் ஒட்ட, அப்பாவையே பார்த்துக்கொண்டு. மணி மூன்றானது. நாலானது. பொன்னுலிங்கத்தின் நாக்கு தடித்துவிட்டது. கண்ணுக்குள் கருப்பாக ஏதோ ஓடியது. வெற்றிலை முடிந்தது, எருமை முடிந்தது, பக்கத்து ஊர்ப் பேய்கள் ஜாதிவாரியாக முடிந்தன. ஐந்து மணிக்கு அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. பனைகளுக்கு மேலே சூரியன் இன்னும் ஒரு முழம் இருந்தது.

"ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கினாள் டீச்சர். "ரெண்டு."

"கிழவர்ட்ட கேள்வி கேக்கலாமா டீச்சர்?" என்றாள் சபிதா.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிப் புத்தகத்தைப் பார்த்தாள். "கேக்கலாம். கதையில கேக்காங்க."

சபிதா தெப்பத்துக்குப் பக்கத்தில் வந்தாள். அவள் நிழல் அவர் முகத்தில் விழுந்தது. அன்று முழுவதும் கிடைத்த முதல் நிழல் அது.

"எல்லாத்தையும் பத்திச் சொன்னீங்க. உரம், பேயி, ஆமை. அன்னைக்கு மண்டபத்துல என்னை இழுத்துட்டு வந்தான். நீங்க மூணாவது எலையில இருந்தீங்க. என்னைப் பாத்தீங்களா, பாக்கலியா?"

பொன்னுலிங்கத்துக்கு ஒரு நல்ல பதில் தயாராக இருந்தது. பார்க்கவில்லை, தூண் மறைத்துவிட்டது என்று நாலரை மாதமாக ஊரெல்லாம் சொல்லிவந்த பதில். அதைச் சொல்லி, அந்த மண்டபத்துத் தூண்களின் வரலாற்றைத் தொடங்கினால் சூரியன் இறங்கிவிடும். அவர் வாயைத் திறந்தார். முதுகில் நூற்றெட்டும் காத்திருந்தன. ஆனால் அவர் பயந்தது அதற்கல்ல. அவள் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"பாத்தேன் மக்கா."

மைக் கரகரத்தது.

"நல்லாப் பாத்தேன். உன் காலு படியில தட்டுனதுகூடப் பாத்தேன். எழும்பணும்னு நெனச்சேன். நிச்சயம் நின்னுபோனா நாலு பேரு என்ன சொல்லுவானோன்னு ஒரு பேடி, பயம். நம்மளவிடப் பெரியவங்க இருக்காங்களே, அவங்க சொல்லட்டும்னு பாத்தேன். அவங்க என்னையப் பாத்தாங்க. அப்புறம் எல்லாருமா எலையைப் பாத்தோம். போளியைப் பிசைஞ்சேன். நீ கத்துனே, நான் இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொன்னேன். அதையும் குடிச்சேன். அது தித்திச்சுது மக்கா. அதுதான் இன்னும்…"

நிறுத்தினார். அதற்குமேல் எதைச் சொன்னாலும் வாழைக்கு உரம் வைப்பது மாதிரிதான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. சூரியன் அரை முழம் நின்றது. பேசினால் அனில்குமார் பிழைப்பான், மகள் ஜெயிலுக்குப் போகமாட்டாள். பேச்சு தொண்டை வரை வந்தது. பொன்னுலிங்கம் அதை விழுங்கினார்.

"ஏழு. எட்டு. ஒம்பது." டீச்சர் பக்கத்தைப் புரட்டினாள். "பத்து. கிழவர் முடித்தார். அடுத்து, நெஞ்சு கிழிதல்."

வரப்பிலிருந்து பகவதியம்மாள் "பாவி மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சபிதா காலையில் அப்பாவை அடித்த கம்பையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். அனில்குமார் எட்டு மணி நேரம் வெயிலில் நின்று சுட்ட கருவாடு மாதிரி வெடித்திருந்தான். தன் கதாயுதத்தைத் தூக்கப் பார்த்தான். அதுதான் அவனைக் கீழே இழுத்தது. முழங்காலில் விழுந்தான்.

"சபிதா, வெறுதே தமாசுக்குப் பிடிச்சதுடீ…"

டீச்சர் வாசித்தாள். கூந்தலைத் தொட்ட கையை முதலில் முறிக்கிற செய்யுள் அது. சபிதா அவன் வலது மணிக்கட்டை மிதித்துக்கொண்டு முழங்கைக்குக் கீழே கதாயுதத்தால் ஒரே போடு போட்டாள். கை, மடித்த ஏணி மாதிரி நடுவில் மடங்கியது. வெள்ளையாக ஓர் எலும்பு தோலைத் திறந்துகொண்டு வெளியே வந்து பார்த்தது. அனில்குமாரின் அலறலில் தக்கலை வரை நாய்கள் குரைத்தன. அவள் குனிந்து, எக்ஸ்ரே பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். இரண்டு எலும்பும் சுத்தமாக முறிந்திருந்தன. திருப்தியாகத் தலையாட்டினாள்.

பிறகு அவனை மல்லாத்தி, நெஞ்சில் கால் வைத்து, கம்பின் கூரான நுனியை மூன்றாவது விலாவுக்கும் நாலாவது விலாவுக்கும் நடுவில் வைத்தாள். சட்டைத் துணி உள்ளே போனது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது. டீச்சர் அடுத்த வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். பொன்னுலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தார்.

சபிதா கம்பை எடுத்துவிட்டிருந்தாள். மணிக்கட்டிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை உருவி, கூந்தலை அள்ளிக் கொண்டை போட்டாள். இனி எதுவும் கண்ணை மறைக்கக் கூடாது என்பதுபோல இறுக்கி முடிந்தாள்.

"இவன் ஒருத்தன். பிடிச்சு இழுத்தான், கை போச்சு. டீச்சர், அன்னைக்குப் பந்தியில இருந்தவங்களுக்குச் செய்யுள் இருக்கா?"

"என்னட்டி உளறுக?" என்றார் நாகேந்திரன். அவர் ஏற்கெனவே இரண்டு அடி பின்னால் போயிருந்தார். "பந்தியில இருந்ததுக்கு எங்கேயாவது அடி உண்டா? டீச்சரே, செய்யுள்ல இல்லாத அடி கூடாது!"

மீனாட்சியம்மாள் பின்னோக்கிப் புரட்டினாள். மூன்று தடவை விரலை நாக்கில் தொட்டாள். ஊரே அந்த விரலைப் பார்த்தது.

"இருக்கு" என்றாள். "சபைப் பகுதியில இருக்கு. அநியாயம் நடக்கும்போது பாத்துட்டுச் சும்மா இருக்கிற பெரியவங்களுக்கு அந்தப் பாவத்துல பாதி." கொஞ்ச நேரம் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். "கை முறிஞ்சது முழுசு. அதுல பாதின்னா, எலும்பு முறியக் கூடாது. வீங்கலாம்."

"எத்தனை பேருக்கு டீச்சர்?"

"பேர்க் கணக்கு புத்தகத்துல இல்ல. சூரியன் விழுற வரைக்கும் எத்தனை பேரோ."

முதலில் ஓடியது நாகேந்திரன். அவரைப் பார்த்து மாமாமார், சித்தப்பாமார், மண்டபத்தில் கைகழுவத் தண்ணீர் கேட்டவர், பாயசத்தில் உப்பு இல்லை என்று சொன்னவர் எல்லோரும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வயலில் ஓடினார்கள். எட்டு மணி நேரம் நின்று கால் மரத்தவர்கள். மயக்கத்திலேயே நின்றவரும் மயக்கம் தெளிந்து ஓடினார். சபிதா கம்பை வாகாகப் பிடித்துக்கொண்டு பின்னால் பாய்ந்தாள்.

"மக்கா!" என்று படுக்கையிலிருந்து கூப்பிட்டார் பொன்னுலிங்கம். "நானும் அந்தப் பந்தியிலதான் இருந்தேன்!"

அவள் ஓடிக்கொண்டே திரும்பினாள். "உங்களுக்குக் காலையிலேயே தந்தாச்சு. முட்டு வீங்கியிருக்கும், அனங்காம அசையாம கிடங்க. அடி வாங்குறவங்களை எண்ணிக்கிடுங்க."

கிளீட்டஸும் பகவதியம்மாளும் வந்து அவரைத் தூக்கப் பார்த்தார்கள். சிராய்கள் விடவில்லை. பகவதியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு. உண்மையைச் சொன்னதால் அவை இளகியிருக்கும் என்று அவர் நினைத்தார். அப்படியெல்லாம் நடக்கவில்லை. எப்போதும்போல வலித்தது.

வயலின் நாலு மூலையிலிருந்தும் அடி விழுகிற சத்தம் வந்தது. பொன்னுலிங்கம் குரலை வைத்தே ஆளைச் சொன்னார்.

"அது கடைசி எலை மாமா… அது நாகேந்திரன், அவன் எப்பவும் ஐயோன்னு ரெண்டு தடவை சொல்லுவான்… அது யாரு, எனக்கு எடது பக்கம் இருந்தவன்…"

"வாயை மூடிட்டுக் கிடங்க" என்றாள் பகவதியம்மாள், முப்பத்தோராவது சிராயைப் பிடுங்கியபடி.

"பதினேழு" என்றார் பொன்னுலிங்கம்.